புள்ளிக் கணக்கு

கானாடுகாத்தானில் மழை ஏமாற்றிய ஐப்பசி.
எண்பத்தொரு கதவுள்ள வீட்டுக்கு
இரவுக் காவல் நான்.
ஷூட்டிங் முடித்துப் போனவர்கள் மறந்தது
நைலான் கயிறு ஒரு கண்டு, கவரிங் தாலி இரண்டு,
முதுகில் ஸ்டிக்கர் உரிந்த டேப்லெட் ஒன்று.
போன் போட்டேன்.
"நீயே வச்சுக்கப்பா" என்றார் புரொடக்‌ஷன் சிகாமணி,
"அது செத்து ஆறு மாசம்."

சாகவில்லை.
உள்ளே இருந்த விண்டோஸ்தான் எழ மறுத்தது.
அதை அப்படியே பெயர்த்து
பென்டிரைவில் கட்டிவைத்தேன்
(எதையும் எறியாத ஊர் இது)
லினக்ஸ் ஏற்றினேன்.
திரை பூத்தது. விரல் வைத்தேன்.
கல்லில் வைத்த மாதிரி இருந்தது.

கடன் வாங்கிய கீபோர்டில் கர்னலைக் கேட்டேன்.
ஆயிரத்து நானூறு வரி பேசியது.
பேட்டரி உண்டு, கேமரா உண்டு,
ஐ-டூ-சி தடத்தில் நாற்பதாம் முகவரியில்
ஒரு சிப் குடியிருக்கிறது,
அது வாய் திறக்க ஃபர்ம்வேர் வேண்டும்,
தேடினேன், கோப்பு இல்லை,
பிழை மைனஸ் இரண்டு.

எனக்குப் பழகிய நியாயம்தான்.
இந்த வீட்டுக்குப் பதினேழு புள்ளி.
மாடியில் ஆறாம் அறைக்குச் சாவி ஈப்போவில்.
வளவை ஒட்டிய அறையின் சாவி வைத்திருந்தவர்
அடையாற்றில் காலமாகி, மகன்கள் கோர்ட்டில்.
அறை இருக்கும், பூட்டு இருக்கும்,
சாவி யாரிடம் என்று மட்டும்
யாரையும் கேட்டுவிட முடியாது.
சிப் செய்த கம்பெனிக்கு மெயில் போட்டேன்.
அவர்களும் ஏதோ ஒரு வகையில் பங்காளிகள் போல.
பதில் இல்லை.

பென்டிரைவ் ஞாபகம் வந்தது
ஞாயிற்றுக்கிழமை, குளிக்கும்போது.
எழ மறுத்த விண்டோஸின் மடியில்
டிரைவர் கோப்பு ஒன்று. அதன் வயிற்றுக்குள்
எங்கோ முப்பத்தெட்டாயிரம் பைட்.
தலை எது, வால் எது என்று
மூன்று ராத்திரி தடவினேன்.
நான்கு பைட் தள்ளி வெட்டினால் சிப் மயங்கிவிடும்.
சரியாக வெட்டியபோது மணி இரண்டே கால்.
சாட்சிக்குத் தெருவில் நாய்கூட இல்லை.

விரல் வைத்தேன். அம்பு நகர்ந்தது.
நான் இடம் போக அது வலம் போனது.
முகப்பைத் தொட்டால் பின்கட்டு திறந்தது.
எக்ஸை ஒய் ஆக்கி, ஒய்யைத் தலைகீழாக்கி,
ரீபூட்,
மறுபடி ரீபூட்.
ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும் நேரத்தில்
டார்ச்சோடு வீட்டை ஒரு சுற்று சுற்றிவந்தேன்.
அந்த வாரம் போல
எந்த வாரமும் நான் ஒழுங்காகக் காவல் காத்ததில்லை.

வியாழன் விடிகாலை
அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று
கடைசியாக ஒருமுறை எழுதி,
டேப்லெட்டை மல்லாத்தி வைத்துவிட்டு
டீ போடப் போனேன்.
திரும்பினால் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.
தொடுபுள்ளி ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
நான் தொடவில்லை.
மலிவுச் சார்ஜர் செய்யும் வேலை,
பேய்த்தொடுகை என்பார்கள். பிடுங்கினேன்.
அப்போதும் நான்கு.

குனிந்தேன்.
வெளிச்சத்துக்கு வந்த ஈசலுக்காக
நடுத்திரையில் ஒரு பல்லி,
நாலு காலும் ஊன்றி.
வலது முன்காலை எடுத்தது. மூன்று.
வைத்தது. நான்கு.
இடம் இடமாகவே, வலம் வலமாகவே.
பதினேழு புள்ளியில் ஒருவரும் இல்லாத வீட்டில்
எண்ணிக்கொண்டே நின்றேன், டீ ஆறும்வரை.

வலது மேல்மூலை மட்டும்
இன்னும் மரத்துக் கிடக்கிறது.
கடிகாரத்தை அங்கே தள்ளிவிட்டேன்,
அதைத் தொட யாருக்கு என்ன வேலை.

ஆறு மணிக்குக் காவல் நோட்டில்
வழக்கம்போல் எழுதிக் கையெழுத்திட்டேன்:
இரவு. விசேஷம் ஒன்றுமில்லை.